மேக்குலாவுக்கு அடியில் நீர்

எண்ணூர்ப் பக்கம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன். ஒரு நாள் காலை, கேபினில் உட்கார்ந்து கன்டெய்னரைத் தூக்கியபோது அதன் மேல்விளிம்பு நடுவில் குழிந்து தெரிந்தது. கீழே சிக்னல் கொடுப்பவரை வாக்கி டாக்கியில் கூப்பிட்டேன்.

"மாமு, பெட்டி நசுங்கிகீது பாரு."

"இன்னா நைனா, நேராத்தான கீது!"

இடது கண்ணை மூடிப் பார்த்தேன். குழி இன்னும் ஆழமானது. வலது கண்ணை மூடினேன். பெட்டி நேராக இருந்தது. அதைப் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டு நானும் இறங்கினேன். சூப்பர்வைசரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

திருவொற்றியூர் வீட்டுக்கு வந்த கையோடு மனைவி கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். சொட்டு மருந்து விட்டு ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தைக் காட்டினார். விழித்திரையின் நடுப்பகுதியான மேக்குலாவுக்கு அடியில் நீர் தேங்கி, தோசையில் எழும்பும் கொப்புளம் போல உப்பியிருந்தது.

"ஸ்டீராய்டு மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

மனைவி விடவில்லை. "மூச்சு வாங்குனா மெடிக்கல்ல ஒரு மாத்திர வாங்கிப் போட்டுக்குவாரும்மா. மணலி ஃபேக்டரி பொக காத்துல இந்தப் பக்கம் அடிச்சா பேஜாருதான்." பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள்.

டாக்டரம்மா படித்தார். "இது ஸ்டீராய்டுதான். நீர் கோத்ததுக்கு இது காரணமா இருக்கலாம். ஆனா நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க, நெஞ்சு டாக்டர் பார்த்து மாத்திக் கொடுக்கட்டும். பெரும்பாலும் தானா வடிஞ்சிடும். வடியலேன்னா லேசர் இருக்கு."

ஊசி, ஆபரேஷன் என்று ஏதாவது சொல்லியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருப்பேன். காத்திருப்பதே வைத்தியம் என்பது மனசுக்கு ஒப்பவில்லை.

நெஞ்சு டாக்டர் வேறு மருந்து மாற்றிக் கொடுத்தார். கண் சரியாகும்வரை துறைமுக கேட்டில் லாரிகளைச் சரிபார்க்கும் வேலை கொடுத்தார்கள். தினமும் காலையில் மனைவி என் இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடி, ஜன்னலைப் பார்க்கச் சொல்வாள்.

"கம்பி எப்டிகீது?"

"வளைஞ்சுதான் கீது."

"சரி, இட்லிய துன்னு."

ஒரு நாள், "நேராய்ட்ச்சு" என்றேன்.

"எனுக்கோசரம் சொல்லாதய்யா" என்றாள். உண்மையில் அவளுக்காகத்தான் சொன்னேன்.

சில மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கொப்புளம் அமுங்கியிருந்தது. மனைவி அந்தப் படத்தை போனில் பிடித்து, கல்யாண போட்டோவைப் போலச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினாள். கம்பெனி டாக்டரும் பரிசோதித்து, கிரேனுக்குத் திரும்பலாம் என்றார்.

வலது கண்ணில் சிவப்பு நிறம் மட்டும் கொஞ்சம் வெளுத்துத் தெரிகிறது. அது அப்படியே நின்றுவிடக்கூடுமாம். மறுபடி மேலே ஏறிய அன்று முதல் பெட்டியை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். நேராக இருந்தது. மத்தியானம்வரை வேலை ஓடியது. பசித்தது, இறங்கினேன்.