கடைசிக் குளத்து முக்குளிப்பான்

எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடிக்காரியை எல்லோரும் பாட்டில் அக்கா என்றுதான் சொல்வோம். புதிதாகக் குடிவருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். விஷயம் அப்படி ஒன்றுமில்லை. ஊர்க் கழிவுநீரெல்லாம் போய்ச் சேரும் சுத்திகரிப்பு நிலையத்தில் அவளுக்கு வேலை. நீண்ட கம்பின் நுனியில் கட்டிய பாட்டிலைக் குளம் குளமாக முக்கித் தண்ணீர் எடுத்து, பரிசோதனைக்கூடத்தில் கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டும்.

முதல் குளத்தில் தண்ணீர் கறுத்து நுரைத்துக் கிடக்கும். குளத்துக்குக் குளம் தெளிந்துகொண்டே போய், கடைசிக் குளத்தில் வானம் தெரியும். கரையெல்லாம் கோரை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், அங்கே பழந்துணி உருண்டை ஒன்று மிதப்பதைப் பார்த்து, ஒதுக்கிவிடலாம் என்று கம்பை நீட்டினாள். துணி உருண்டை அவளை ஒரு கண்ணால் பார்த்துவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டது. அது முக்குளிப்பான் என்ற நீர்ப்பறவை என்பது பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. இதோ எழும், இதோ எழும் என்று நின்றாள். அவள் பார்த்த இடத்தில் அது எழவே இல்லை. எங்கோ கோரையோரம் தலைநீட்டி, ஒன்றுமே நடக்காததுபோல் சிறகை உதறிக்கொண்டது.

அன்று பிடித்த பைத்தியம்தான். வேலை முடிந்தும் கரையில் உட்கார்ந்திருப்பாள். சிவப்புக் குச்சிக் கால்களைச் சேற்றில் ஊன்றி உள்ளான் குருவிகள் நடக்கும். காற்று மாறினால் எங்கிருந்தோ வாத்துக் கூட்டம் வந்திறங்கும். அவை இறங்கும்போது தண்ணீரில் துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். கேட்டுக்கொண்டே இருப்பாள். மூக்கு தன் வேலையை மறந்துவிடும்.

வீட்டில் கணவர் பஸ் ஓட்டுநர். அவருடைய தங்கை, துணிக்கடையில் ஆடைகளை அளவுக்குப் பிரித்துத் தைப்பவள், கல்யாணமாகிப் போன பிறகும் வாரம் தவறாமல் வருவாள். நாத்தனாரும் அண்ணியும் எலியும் பூனையும்தான்.

"அண்ணி வர்றது தெருமுனையிலயே தெரிஞ்சிடும். காத்தே வந்து சொல்லிடும்."

"உன் வாய் வர்றது அடுத்த தெருவுலயே கேக்குதே, அதுக்கு என்ன சொல்ற?"

ஒருநாள் நாத்தனார் பெட்டியோடு வந்தாள். கணவன் வேறொருத்தியோடு போய்விட்டான். சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், குளி என்றால் குளித்தாள். மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அண்ணன் என்னென்னவோ பேசிப் பார்த்தார், பலிக்கவில்லை.

ஒரு மாலை பாட்டில் அக்கா, வாசலிலேயே கழற்ற வேண்டிய ரப்பர் பூட்ஸோடு நேரே கூடத்துக்குள் வந்து நின்றாள். வேண்டுமென்றேதான். ஏதாவது ஒரு குத்தல் வராதா என்று ஆசை. நாத்தனார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவ அழுதப்பகூட நான் பயப்படல," என்று மாடிப்படியில் என்னிடம் சொன்னாள். "மூக்கப் பொத்தாம படுத்திருந்தா பாருங்க, அப்பத்தான் பயந்துட்டேன்."

அடுத்த விடுமுறை நாள், விடிந்தும் விடியாததுமாக நாத்தனாரைக் கிளப்பிக் கூட்டிப்போனாள். எங்கே என்று அவளும் கேட்கவில்லை. சுத்திகரிப்பு நிலையத்து வாசல் காவலாளியிடம் முன்பே சொல்லி வைத்திருந்ததால் ஒரு ஜோடி பூட்ஸ் எடுத்துக் கொடுத்தார். அது பெரிசு, நடக்கும்போது தொளதொளவென்று சத்தம் போட்டது. அப்படிப் பனி. முன்னால் போகிறவளின் முதுகு மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. கடைசிக் குளக்கரையில் கவிழ்த்துப் போட்ட பெட்டிகள் மேல் உட்கார்ந்தார்கள். குளம் இருக்கிற இடத்தில் வெறும் வெள்ளை. அதற்குள்ளிருந்து மெல்லிய குரல்கள், யாரோ தூக்கத்தில் சிரிப்பதுபோல.

பனி தரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது. தண்ணீர் தெரிந்தது. தண்ணீர் மேல் ஒரு முக்குளிப்பான். அதன் முதுகுச் சிறகுக்குள்ளிருந்து கோடுபோட்ட சின்னத் தலைகள் எட்டிப் பார்த்தன.

"அண்ணி, அது முதுகுல என்ன?"

"குஞ்சுங்க."

சொல்லி வாய் மூடவில்லை, தாய் முங்கிவிட்டது. குஞ்சுகள் தக்கைபோல் தண்ணீரில் தனியே மிதந்தன.

நாத்தனார் பாதி எழுந்துவிட்டாள். "எங்க போச்சு அது?"

"வரும்."

"எங்க வரும்?"

"அதுதான் தெரியாது. பாத்துக்கிட்டே இரு."

அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். குளம் அசையவில்லை. பனி இன்னும் சற்று விலகியது. அவர்கள் நினைத்துப் பார்க்காத ஒரு மூலையில் முக்குளிப்பான் எழுந்தது. அலகில் வெள்ளியாக ஏதோ மின்னியது. குஞ்சுகள் கீச்சிட்டுக்கொண்டு அதை நோக்கி நீந்தின. நாத்தனார் பிடியை விட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, என்ன நாத்தம் அண்ணி இங்க," என்றாள்.

பாட்டில் அக்காவுக்கு அதைக் கேட்டதும் உயிர் வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் நாத்தனார் அண்ணியின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பிறகு வாராவாரம் போனார்கள். அவள் மறுபடி துணிக்கடை வேலைக்குப் போனாள். கடைக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துக்கொண்டாள். விவாகரத்தும் ஆனது. "வீட்டுக்கு வந்த தங்கச்சியையும் சாக்கடைப் பக்கம் இழுத்துட்டா," என்று ஓட்டுநர் சிரிப்பார். குளிருக்குத் தேநீர் நிரப்பிய பிளாஸ்க்கை அவர்தான் கையில் கொடுத்து அனுப்புவார்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு காலை, தனியாக ஒரு பெரிய பறவை வந்து நின்றது. இருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. படப் புத்தகத்தைப் புரட்டினார்கள். அலகு ஒத்துவந்தால் கால் ஒத்துவரவில்லை. "இதுதான்" என்றாள் ஒருத்தி, "கழுத்தப் பாத்துட்டுச் சொல்லு" என்றாள் மற்றவள். அதற்குள் அது சிறகை விரித்து, அவசரமே இல்லாமல், கோரைக்கு மேலாகப் போய்விட்டது. அது போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததில் பஸ் போய்விட்டது. நடந்தே வந்தார்கள்.

நான் படியிறங்கும்போது இரண்டு பேரும் மேலே ஏறி வந்துகொண்டிருந்தார்கள். பூட்ஸ் வாடை முன்னால் வந்தது. அந்தப் பறவை சாம்பல் நிறம் என்றாள் அண்ணி. இல்லை, நீலம் என்றாள் நாத்தனார். என்னை நிறுத்திவைத்து, இருவரும் ஒரே நேரத்தில் சொல்லிக்கொண்டே போனார்கள்.