அம்மிக்கடியில் படுத்த பூனை

பிஸ்மில்லா சொல்லி, வலது காலை எடுத்து வைத்து, பினாங்கு வீட்டுக்குள் நான் நுழைந்தபோது உள்ளேயிருந்து என்னை வரவேற்க வந்தது ஒரு பூனை. வெள்ளை உடம்பு, முதுகில் செம்பட்டைத் திட்டு, நுனியில் கொக்கியாக மடங்கிய குட்டை வால். யாரோ கதவிடுக்கில் வைத்து வாலை நசுக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். இந்த நாட்டுப் பூனைகள் பலவற்றுக்குப் பிறவியிலேயே வால் அப்படித்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. ஏழு நாள் கப்பலில் கசங்கிப்போன என் வெள்ளைத் துப்பட்டியில் அது உடம்பைத் தேய்த்துக்கொண்டது. பிறகு முன்னால் நடந்து, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, சமையற்கட்டுக்கு வழி காட்டியது. வீட்டுக்காரி விருந்தாளியை உள்ளே அழைத்துப் போவது மாதிரி இருந்தது. எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் எனக்கும் அந்தப் பூனைக்கும் பாசம் உண்டாகிவிடும் என்று எதிர்பார்த்துப் படிப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அன்றைக்கும் அதை எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் எந்தப் பூனையையும் பிடிக்காது.

எங்கள் நாகூர்ப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணமானாலும் பெண் உம்மா வீட்டைவிட்டுப் போகமாட்டாள். மாப்பிள்ளைதான் வந்து போவார். ஆனால் எங்கள் வாப்பாவுக்கு இருந்தது ஒரு வீடு, பிறந்தது மூன்று பெண். வீடு மூத்த அக்காவுக்கு, லாத்தாவுக்குப் போயிற்று. கடைக்குட்டியான எனக்கு மாடியில் ஓர் அறை, அதுவும் லாத்தாவின் பிள்ளைகள் பட்டம் விட ஏறும் வழியில். என் புருஷன் என் மாமி மகன். மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். பினாங்கில் துணிக்கடை வைத்திருந்தார். கல்யாணமான எட்டு வருஷத்தில் மூன்று தடவை வந்து, சில மாதம் இருந்து, திரும்பவும் கப்பலேறிப் போனார். பிள்ளையில்லை. என் ஆசையெல்லாம் ஒன்றுதான். எனக்கென்று ஓர் அடுப்பு, எனக்கென்று ஒரு வாசல், என்னைக் கேட்காமல் யாரும் சுவரில் ஓர் ஆணி அடிக்கக் கூடாத ஒரு வீடு வேண்டும். கடிதத்துக்குமேல் கடிதம் எழுதி அவரை மசிய வைத்தேன்.

அந்த வீடு சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. முன்கதவிலிருந்து பின்கதவு வரை நீண்டு கிடக்கும் ஒடுக்கமான வீடு. நடுவில் வானம் தெரிகிற முற்றம், அதற்கப்பால் சமையற்கட்டு, பின்கதவைத் திறந்தால் தோட்டி வரும் சந்து. எல்லாம் ஆயத்தமாக இருந்தன. துலக்கிய பாத்திரம், மாடி ஜன்னலில் நீலப்பூப் போட்ட திரை, துணி மாட்டக் கொக்கி, ஓர் அம்மி. மச்சான் எனக்காகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவை என்று நினைத்து, முதல் நாள் அந்தத் திரையை நாலு தடவை தொட்டுப் பார்த்தேன்.

அம்மிதான் கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. எங்கள் ஊரில் அம்மி தரையில் கிடக்கும். இங்கே குட்டைக்கால் மரச்சட்டத்தின்மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். கல் நன்றாகத் தேய்ந்திருந்தது, அதுவும் இடது பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தது. நான் அரைத்தால் மிளகாய் ஒரு பக்கமாகவே வழியும். அதில் ஒரு வாடையும் இருந்தது, மக்கிய இறால் வாடை. புளி போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. அது பிளாச்சான், மலாய்க்காரர்கள் சம்பால் துவையலுக்குச் சேர்க்கும் இறால் சாந்து என்று அப்போது எனக்குத் தெரியாது. “பழங்கல்லு புள்ள, ஏலத்துல எடுத்தேன்” என்றார் மச்சான். அந்த மரச்சட்டத்துக்கு அடியில்தான் பூனை படுக்கும்.

ஒரு நாளைக்கு மூன்று வேளை வரும். காலையில் பின்கதவின் கீழ்ச்சந்து வழியாக வந்து அம்மிக்கடியில் நுழைந்துகொள்ளும். மத்தியானம் நான் மீன் கழுவும்போது கூப்பிடாமலே வந்து, எனக்கு எதிரே உட்கார்ந்து, கழுவுவது சரியாக இருக்கிறதா என்று பார்க்கும். சாயங்கால அசர் தொழுகை நேரம் தாண்டினால் மாடிப்படியின் கீழ்ப்படியில் போய் மச்சானுக்காகக் காத்திருக்கும். அது அவர் வரும் நேரம். வந்த புதிதில் எனக்கே அந்த நேரம் பிடிபடவில்லை, பூனைக்குத் தெரிந்திருந்தது. விரட்டினால் சீறாது, பிறாண்டாது. வந்து காலில் உரசும். ஒரு நாள் செத்த எலி ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து என் பாதத்தருகே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தது. நல்லெண்ணம்தான். அந்த நல்லெண்ணத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“இது யாரூட்டுப் பூன?” என்று கேட்டேன்.

“ஊரு பூன. யாரூட்டுதோ.”

“வெரட்டுங்களேன்.”

“வுடு புள்ள, வாயில்லா சீவன். மார்க்கத்துலயே பூனைக்கு எடம் இருக்கு” என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மச்சான் அதிகம் பேசாதவர். கல்யாணத்தின்போது என் லாத்தாமார் அவரைப் பார்த்து, இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தவள்தான்.

விளக்குமாற்றால் அடித்தேன். தண்ணீர் ஊற்றினேன். பின்கதவின் கீழ்ச்சந்தைச் செங்கல் வைத்து அடைத்தேன். மறுநாள் கூரை வழியாக முற்றத்தில் குதித்து வந்தது. கடைசியில் ஒரு நாள், அது தொழுகைப் பாயில் சுருண்டு கிடந்ததைக் கண்டு, வடித்துக்கொண்டிருந்த கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க அதன்மேல் வீசிவிட்டேன். அது கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். இனி வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து வந்தது. விலாவில் வெந்த இடத்தில் யாரோ மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் பூசி, துணியால் கட்டுப் போட்டிருந்தார்கள். அந்தத் துணியில் நீலப்பூ. எங்கள் மாடித் திரையின் அதே பூ. மச்சான் கடையில் விற்ற துணி, ஊரில் யார் வேண்டுமானாலும் வாங்கியிருக்கலாம் என்று சமாதானம் செய்துகொண்டேன். ஆனாலும் மாடிக்கு ஏறிப் போய்த் திரையின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தேன். அந்தத் தையல் கடைத் தையலாக இல்லை. உட்கார்ந்து பொறுமையாகக் கையால் தைத்தது.

அந்த வாரமே ஒரு நாள் பூனை அரிசிப் பெட்டியின்மேல் ஏறிப் படுத்திருந்தது. நான் விளக்குமாற்றைத் தூக்கினேன். மச்சான் அப்போதுதான் உள்ளே வந்தார். “துருன்” என்றார், தணிந்த குரலில். இறங்கு என்று மலாயில். பூனை உடனே இறங்கி அவர் காலடிக்குப் போயிற்று. வீட்டுக்குள் அவர் மலாய் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“ஒங்க பேச்சக் கேக்குதே” என்றேன்.

“மலாய் நாட்டுப் பூனைக்கு மலாயிதானே தெரியும்” என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். அன்று முழுவதும் என் கையில் எதுவும் நிற்கவில்லை. இரண்டு கோப்பை உடைந்தது.

மறுநாள் பக்கத்து வீட்டு லாத்தாவிடம் போனேன். அவருடைய வாப்பா நம் ஊர்ப் பக்கத்து ஆள், உம்மா மலாய்க்காரி. இங்கேயே பிறந்து வளர்ந்தவர். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யார் இருந்தார்கள் என்று நான் கேட்டதும் வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தார்.

“தங்கச்சிக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன் லா” என்றார், பினாங்குக்காரர்கள் பேச்சில் ஒட்டும் அந்த ‘லா’வோடு. “தப்பா நெனைக்காதீங்க. ஒங்க மாப்புள முறையா நிக்கா பண்ணுன மலாய்ப் பொம்பளதான். ஆறு வருஷம் இந்த வூட்டுலதான் இருந்தாங்க. நீங்க வர்ற மாசம் சாமானுல பாதிய வண்டியில ஏத்தி, ரெண்டு சந்து தள்ளி ஒரு வூடு புடிச்சு வெச்சாரு.”

“பூன?”

“ஒங்க அடுப்பங்கரையில பொறந்த பூன. அவங்க மூணு தடவ தூக்கிட்டுப் போனாங்க, நிக்கல. நாயின்னா ஆளோட போவும். பூன வூட்டோட நிக்கும்.”

“அவங்களுக்கு எடது கையா?”

“ஆமா. எப்படித் தெரியும்?” என்றார். வீட்டுக்கு வந்து, இடது பக்கமாகத் தேய்ந்த அம்மியைத் தடவிப் பார்த்தேன்.

கப்பலேறின மாப்பிள்ளைக்கு அக்கரையிலும் ஓர் அடுப்பு எரியும் என்பது எங்கள் தெருவில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் உள்ளூரச் சந்தேகம் இருந்ததுதான். அதற்காக நெஞ்சு வெடித்துச் சாகிறவள் இல்லை நான். என்னை எரித்தது வேறு. வீடு பெண்ணுடையது என்று வளர்ந்தவள் நான். ஒருத்தியை அவள் வீட்டிலிருந்து கிளப்பிவிட்டு, அவள் தைத்த திரையும் அவள் தேய்த்த அம்மியுமாக அந்த வீட்டை எனக்குத் தந்திருக்கிறார். வந்தேறி என்று நான் நாள் தவறாமல் விரட்டியது, பிறந்த வீட்டுக்கு வந்த ஒரு ஜீவனை. வந்தேறி நான்தான். சந்து முழுக்க இது தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. அவர் வாயால் அவரே சொல்ல வேண்டும் என்று வெறி பிடித்தது. அவர் சொல்லாமல் இந்த வீட்டில் ஒரு நாள்கூட எனக்கு இருப்பில்லை.

மறுநாள் மத்தியானம், மூடி போட்ட பிரம்புக் கூடைக்குள் பூனையைப் பிடித்து அடைத்துக் கயிற்றால் கட்டினேன். என்னிடம் அடிபட்ட பூனை, எதிர்க்காமல் உள்ளே போயிற்று. சாப்பிட்டுக் கை கழுவிய மச்சானிடம் கூடையை நீட்டினேன்.

“இத அது வூட்டுல வுட்டுட்டு வாங்க.”

“எது வூட்டுல?”

“நடங்க. ஒங்க காலுக்குத் தெரியும்.”

கூடையை வாங்கிக்கொண்டார். நான் மாடிக்கு ஓடித் திரைக்குப் பின்னால் நின்றேன். வாசலிலிருந்து வலப்பக்கம் திரும்பினால் லாத்தா சொன்ன சந்து, இடப்பக்கம் திரும்பினால் துறைமுகம். வேண்டாத பூனையை ஃபெர்ரியில் ஏற்றிப் பட்டர்வொர்த் கரையில் விட்டுவிட்டு வருவது இங்கே வழக்கம்; கடல் தாண்டிய பூனை திரும்பாது. இடப்பக்கம் போனால் அந்தப் பூனையைத் தொலைத்தாவது பொய்யைக் காப்பாற்றப் போகிறார் என்று பொருள். அப்படிப் போய்விட்டு என்னிடம் வந்து சிரித்தால் அடுத்த கப்பலில் ஊருக்குப் போய்விடுவது என்று தீர்மானித்திருந்தேன். நடைபாதையில் வெகுநேரம் நின்றார். கூடைக்குள் பூனை கத்திக்கொண்டிருந்தது. பிறகு வலப்பக்கம் திரும்பி நடந்தார்.

அன்று இரவு அவர் வரவில்லை. மறுநாள் அசர் நேரத்துக்குப் பூனை மட்டும் வந்தது. வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டு வாசலையே பார்த்தது. அழுதேன். ஆத்திர அழுகை. எறிவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன். கைக்குக் கிடைத்தது அம்மிக் குழவி. அது யாருடையது என்ற நினைப்பு வந்ததும் கீழே வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் அவர் வந்தார். கதவு திறந்தேதான் இருந்தது. ஆனாலும் தட்டிவிட்டு வெளியிலேயே நின்றார், எங்கள் ஊர் மாப்பிள்ளைமார் மாதிரி.

“இங்க எத்தன நாளு?” என்றேன்.

“மூணு.”

“அப்புறம்?”

“அங்க மூணு.”

“ஆறு வருஷத்துல ஒரு கடுதாசியில எழுதியிருக்கலாமே மச்சான்.”

“எழுதுனா நீ வந்திருக்கமாட்டே.”

“வந்திருப்பேன். வேற வூட்டுக்கு வந்திருப்பேன்.”

வழிவிட்டேன், உள்ளே வந்தார்.

எங்கள் ஊர் நியாயப்படி வீட்டை அவளுக்கே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். எனக்கு மனசு வரவில்லை. பெரிய மனசு எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. அம்மியைக் கொடுத்தேன். மச்சான் அங்கே இருக்கும் நாளாகப் பார்த்து, பக்கத்து வீட்டு லாத்தாவை விட்டுக் கைவண்டி பேசி, கல்லையும் குழவியையும் மரச்சட்டத்தையும் ஏற்றி அனுப்பினேன். பட்டப்பகலில், சந்தே பார்க்க. திரையையும் கழற்றி மடித்து மேலே வைத்தேன்.

அதற்குப் பிறகு பூனை இரண்டு நாள் வந்தது. அம்மி இருந்த இடத்தை முகர்ந்து பார்த்தது, சுவரோரம் நின்று கத்தியது, போய்விட்டது. மூன்றாம் நாளிலிருந்து வரவில்லை. விளக்குமாறும் செங்கலும் கொதிகஞ்சியும் முடிக்காத வேலை அப்படி முடிந்தது.

புது அம்மி ஒன்று வாங்கிவரச் சொல்லித் தரையில் போட்டேன். புதிதாகக் கொத்திய கல்லில் ஒரு வாரம் தவிடும் உமியும் அரைத்துக் கழுவிக் கொட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் வாய்க்கு அரைக்கலாம். இது எனக்கு ஏழு வயதிலிருந்து தெரியும். செய்யவில்லை.

முறை முடிந்து மச்சான் வந்தார். தேங்காய்த் துவையல் அரைத்துச் சோற்றோடு வைத்தேன். முதல் வாயிலேயே கல் கடித்தது. சத்தம் எனக்கே கேட்டது. மெல்லுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நான் எதிரே உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லோடு விழுங்கிவிட்டு, அடுத்த வாய்க்குச் சோற்றைப் பிசைந்தார்.