நீலச் சேறு

1973 மாசி 11: அச்சுவேலியில் எங்கள் வீட்டு வளவுக்கு மேற்கே சாயக் கொட்டகை ஒன்று தொடங்கப்பட்டது. நூலுக்கு இடும் நீலத்தூள் நீரில் கரையாதது. கழிவு, பின்புறத்தில் கல் வெட்டியெடுத்த பள்ளமான கல்லுக்கிடங்கில் ஊற்றப்பட்டது.

1973 ஆனி 20: கிராமச் சபை கேட்டபடி எங்கள் கிணற்றோடு அயல்வீட்டுக் கிணறுகள் நான்கின் நீரையும் சோதித்தேன். நிறம் இல்லை.

1973 ஆனி 27: "குடிநீருக்கு அபாயமில்லை" எனச் சபைக்குக் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டேன். பிரதி கொட்டகைக்கு.

1973 ஆவணி 14: எங்கள் கிணற்றின் அடிச்சேற்றில் நீலப் படிவு காணப்பட்டது.

1979 தை 8: என் மனைவி காலமானாள்.

மேலே உள்ளவற்றில் பொய் எதுவும் இல்லை. அந்தக் கடிதத்திலும் இல்லை. நான் இரசாயனம் கற்பித்தவன். நீரை முறைப்படி வடிதாளில் வடித்து, தெளிந்ததைச் சோதித்தேன். தாளில் எஞ்சியதைப் பார்க்காமல் எறிந்தேன். கரையாத பொருளைத் தேடிய ஒருவன் கரைந்ததை மட்டுமே பார்த்தான். ஒரு மாணவன் அப்படிச் செய்திருந்தால் திரும்பச் செய் என்று அவனுடைய கொப்பியைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

எங்கள் பகுதியில் ஆவணியில் கிணற்றை வற்ற இறைத்துச் சேற்றை அள்ளுவார்கள். அந்தச் சேற்றை எவரும் வீணாக்குவதில்லை. வெங்காயப் பாத்திக்கும் கீரைப் பாத்திக்கும் பசளையாக இடுவார்கள். அந்த ஆவணியில் எங்கள் கிணற்றுக்குள் இறங்கியவர் கீழிருந்து கத்தினார்.

"ஐயா, உங்கடை கிணத்துக்குள்ளை ஆரோ நீலச்சேலை தோய்ச்சிருக்கினம் போலை கிடக்கு!"

மேலே நின்றவர்கள் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, நீங்கள் தண்ணியைத்தானே சோதிச்சனீங்கள்? உந்தச் சேத்திலை விளையிறதையும் நாங்கள்தானே தின்னுறம்?"

"ஒரு கிழமை, ஏழு நாள் பொறும். பாப்பம்," என்றேன்.

அவள் மூன்று போத்தல்களில் சேற்றை எடுத்து, எந்த ஆழத்துச் சேறு என்று ஒவ்வொன்றிலும் எழுதி ஒட்டினாள். எங்கள் வளவுச் சேற்றைப் பாத்திக்கு இடவும் விடவில்லை. அயலவர்கள் தங்கள் கிணறுகளின் சேற்றை வழக்கம்போல் இட்டார்கள்.

கழிவைப் பற்றிப் பேச நான் கொட்டகைக்குப் போனேன். முதலாளி கதிரை போட்டு உபசரித்தார்.

"மாஸ்டர், உங்கடை கடிதத்துக்குக் கண்ணாடி போட்டுப் பிள்ளையாருக்குப் பக்கத்திலை மாட்டியிருக்கிறன். பூவும் வைக்கிறன், நம்புவியளோ?"

சுவரைப் பார்த்தேன். உண்மைதான். செவ்வரத்தம்பூ.

சபைத் தலைவரிடம் போனேன். "தண்ணி நல்லது எண்டும் நீங்கள்தான் எழுதினியள். இப்ப சேறு கூடாது எண்டும் நீங்கள்தான் சொல்லுறியள். நாங்கள் எந்த மாஸ்டரை நம்பிறது?" என்றார். பிறகு, சற்று இரங்கி, "அத்தாட்சி கொண்டு வாங்கோ, பாப்பம்," என்றார்.

அத்தாட்சிக்கு வேண்டிய கருவி பாடசாலையில் இல்லை. கொழும்பிலுள்ள ஓர் ஆய்வுகூடத்துக்குச் சேற்றின் ஒரு பகுதியை அனுப்பினேன். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது: "சேறு ஏற்கப்படமாட்டாது. நீர் மாதிரியை அனுப்பவும்." இரண்டாம் முறை விளக்கமாக எழுதினேன். அதே வாசகம், வேறு கையெழுத்துடன் வந்தது.

இதனிடையே இன்னொன்று என்னை அலைக்கழித்தது. கொட்டகையில் அந்தத் தூளைக் காரத்தோடு வேறொரு மருந்தும் சேர்த்துக் கரைத்துத்தான் நூலை முக்குகிறார்கள். காற்றுப் பட்டதும் நூலில் அது மறுபடி கரையாததாகிவிடுகிறது. அப்படியானால், காற்றே புகாத கறுத்த அடிச்சேற்றில் அதற்கு என்ன நேர்கிறது? மறுபடி கரைந்து வேருக்குள் போகிறதா? கரையாது என்று நான் சொன்னது எந்த இடத்தில், எந்த நிலையில்? விடை எனக்குத் தெரியாது. இன்றும் தெரியாது.

மனைவியின் நோய்க்கு வைத்தியர் சொன்ன காரணம் வேறு. அதை ஏற்றுக்கொள்கிறேன், சான்றில்லாமல் எதையும் எதனோடும் பொருத்துவது எனக்குப் பழக்கமில்லை. ஆனால் அவள் கேட்டது ஓர் எளிய கேள்வி. ஒரு கிழமை என்று தவணை சொன்னவன் நான். அவளுக்கு ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக அவகாசம் இருந்தது. நான் பதில் சொல்லவில்லை.

இது 1980 ஆடி. இன்னும் இரண்டு கிழமையில் அயலில் கிணறு இறைப்பார்கள்.

செய்யாமல் விட்டவை:

போத்தல்களில் உள்ள சேற்றிலிருந்து சாயத்தைப் பிரித்து நிறுப்பது.

அதே சேற்றில் கீரை விதைத்து, வேரையும் இலையையும் தனித்தனியே சோதிப்பது.

1973 ஆனிக் கடிதத்தை எழுத்து மூலம் மீளப் பெறுவது.

அத்தாட்சிக்குக் காத்திராமல் அயலிலுள்ள நான்கு வீடுகளுக்கும் நடந்து போய், இந்த முறை சேற்றைப் பாத்திக்கு இடவேண்டாம் என்று சொல்வது.