கடைசிப் பெயர்

எழுபதுகளில் ஒருநாள், திருகோணமலையிலிருந்து மூதூர் போகும் லாஞ்சியில் எனக்கு எதிரே ஒரு நூலகர் இருந்தார். மெலிந்த மனிதர். கடல் தெறித்த மூக்குக்கண்ணாடியைச் சாரன் நுனியால் துடைத்துத் துடைத்து, ஆங்கிலச் சஞ்சிகையொன்றில், கட்டுரைகளின் கடைசியில் மேற்கோள் நூல்களைச் சொல்லும் உசாத்துணைப் பட்டியல்களில் மட்டும் விரலை ஓட்டினார்.

"கட்டுரையை வாசிக்கிறேல்லையா?" என்றேன்.

"முதல்ல ஆர் ஆரைச் சொல்லியிருக்காங்க எண்டு பாக்கணும். எங்கட துறையில கனபேர் ஒரு கட்டுரை எழுதினதோட நிண்டிருவாங்க. நானும் அப்படித்தான்."

விரல் ஒரு வரியில் நின்றது. குரல் தணிந்தது. "இந்தா, என்னைச் சொல்லியிருக்கான்."

அங்கே ஒரு முழுப்பெயரும், பக்கத்தில் ஓர் ஒற்றை எழுத்தும் இருந்தன.

"இது வாப்பாட பேர். வெள்ளைக்காரன்ட சஞ்சிகை எண்டு, என்ட பேருக்குப் பின்னால வாப்பாட பேரைப் போட்டு அனுப்பினன். அவங்க கடைசிப் பேரைத்தானே முழுசா எடுப்பாங்க. நான் அந்த எழுத்து."

"திருத்தச் சொல்லி எழுதலாமே."

"வாப்பா தோணிக்காரர். கைநாட்டுத்தான் வெப்பார்." சிரித்தார். "இருக்கட்டும்."

இன்றும் அப்படியொரு சஞ்சிகை கிடைத்தால் நானும் உசாத்துணையைத்தான் முதலில் பார்க்கிறேன். தேடுவது அந்தத் தோணிக்காரரின் பெயரை. மகனின் பெயரில் எனக்குத் தெரிந்தது அந்த ஒற்றை எழுத்து மட்டும்தான்.