அடுப்படிச் சுவரில் ஓர் அணுகுகோடு

புகைக்கரி படிந்த சுவரில் வெண்கட்டி உரசும் கரகரப்பை நினைத்தால் இன்றும் எனக்குப் பல் கூசும். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் 'லயத்தில்', எங்கள் அடுப்படிச் சுவர்தான் என் கரும்பலகை. எங்கள் குடும்பத்தில் உயர்தர வகுப்பு வரை போன முதல் ஆள் நான் என்ற திமிரில், அதை யாரும் துடைக்கக் கூடாது என்று உத்தரவே போட்டிருந்தேன்.

மறுநாள் கணிதப் பரீட்சை. விகிதமுறு சார்பு ஒன்றை வரைந்துகொண்டிருந்தேன். பகுதி பூச்சியமாகும் இடத்தில் நிலைக்குத்தாக ஒரு முறிகோடு, அதுதான் அணுகுகோடு. வளைகோட்டின் ஒரு துண்டு அதை நெருங்கி நெருங்கி மேலே பாயும், மறுபுறத் துண்டு கீழே பாயும், இரண்டுமே அதைத் தொடாது. நுனிகளில் அம்புக்குறி போட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் ராசு மாமா வீடு. அவருடைய கைக்குழந்தைக்குக் காய்ச்சலில் வலிப்பு. சுடுதண்ணீர் கேட்டு வந்தவர், அந்தப் பக்கம் தன் வீட்டுத் தொட்டில் தொங்கும் இடத்துக்கு நேராக இருந்த கோடுகளையும் அம்புகளையும் பார்த்தார்.

"எம் புள்ளைக்குச் 'செய்வினை' வரைஞ்சு வெச்சிருக்கியாடி?"

என் தலைமயிரைப் பிடித்து இழுத்தார். தடுக்க வந்த அப்பாவின் நெற்றி மாமா வீசிய விறகுக்கட்டையால் பிளந்தது. என் முகத்தைச் சுவரில் வைத்துத் தேய்த்தார்.

"நக்கி அழிடி!"

வாயெல்லாம் கரியும் இரத்தமும். "மாட்டேன். இது கணக்கு!"

அம்மா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு வந்து நின்றாள். "எம் மக மேல இன்னொருக்கா கை பட்டுச்சு, வெட்டிப்புடுவேன் தம்பி."

என்னை விட்டுவிட்டு மூலையிலிருந்த கோடாரியை எடுத்தவர், அந்தப் படத்தின் மீதே வெட்டினார். மண்சுவர் பொத்தலாகி, அதன் வழியே அவர் மனைவியின் அலறல் வந்தது: "அது என்னத்தையோ கிறுக்கிட்டுப் போவுது! லொறியக் கூப்புடுய்யா, புள்ளைக்குக் கண்ணு சொருவுது!"

கோடாரியைப் போட்டுவிட்டு ஓடினார். குழந்தை பிழைத்தது.

"படிச்சது போதும், தோட்டத்துல வேலைக்குப் பேரப் பதிஞ்சிரு" என்றார் அப்பா, நெற்றியில் துணியை அழுத்தியபடி. அம்மா கத்தியை இன்னும் கீழே வைக்கவில்லை. "அவ பரீட்சைக்குப் போவட்டும்" என்றாள். வீங்கிய உதட்டோடு போய், அதே மாதிரிக் கணக்கைப் பிழையில்லாமல் எழுதினேன்.

அந்த லயம் இப்போது இல்லை, தேயிலை நட்டுவிட்டார்கள். அப்பாவும் அந்தத் தழும்போடு போய்விட்டார். நான் பதுளையில் கணிதம் கற்பிக்கிறேன். தொட்டிலில் கிடந்த ராசு மாமாவின் மகள் என் வகுப்பில் இருக்கிறாள். நேற்று கரும்பலகையில் அதே மாதிரி வளைகோட்டை வரைந்தபோது, அவள் இரு துண்டுகளையும் அணுகுகோட்டுக்குக் குறுக்கே இழுத்துச் சேர்த்துவிட்டாள். 'அழி' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெண்கட்டியை அவள் கையில் கொடுத்து, பக்கத்திலேயே இன்னொரு தடவை வரையச் சொன்னேன்.