எஸ்தர் டீச்சரும் வராத பிள்ளைகளும்

மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைப்பூவுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில், ரோஜாப்பூ வளையத்துக்குள் எஸ்தர் டீச்சரின் பழைய போட்டோ. கீழே நம் தலைமையாசிரியை எழுதியிருந்தார்: ‘அன்பே உருவான எஸ்தர் டீச்சர் இன்று காலை மாரடைப்பால் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.’ கடைக்காரர், “லேனா ஹை க்யா, மௌசி?” என்று, வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு முறை கேட்டார். வாங்காமலே வந்துவிட்டேன்.

அன்பே உருவானவராம். எஸ்தரை அறிந்த உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் ஆளாளுக்குக் கைகூப்பும் பொம்மை போட்டுக்கொண்டிருந்த அந்த மத்தியானம் முழுக்க நான் போனைக் கவிழ்த்தே வைத்திருந்தேன். ஸ்டாஃப் ரூமில் அவர் பக்கத்து நாற்காலியில் உட்காராமல் தள்ளிப் போனவர்கள் அந்தக் குழுவில் இருந்தீர்கள். அவருக்கு மெமோ கொடுத்தவர் இருந்தார். நானும் இருந்தேன். இப்போது அஞ்சலி மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி என்னிடமே வந்திருக்கிறார்கள். என் தமிழும் கையெழுத்தும் நன்றாக இருக்குமாம். எழுதுகிறேன். அச்சடிப்பதும் கிழித்துப் போடுவதும் அவர்கள் பாடு.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். எனக்கு எஸ்தரைப் பிடிக்காது. சாத்தான்குளம் பக்கத்துக்காரர், தாராவியில் ஒற்றை அறை மாடிவீடு, கணக்கு டீச்சர். பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் யார் என்று பார்க்க மாட்டார். நான் மும்பையிலேயே, மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து செம்பூரில் குடியிருப்பவள். எங்கள் கட்டடத்தில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். வராவிட்டால் செக்ரட்டரிக்கு போன் போடுவோம், டேங்கர் வரும். ஒரு ஏப்ரல் மாதம், சிமென்ட் ஷீட் கூரையின் கீழ் வகுப்பு எடுத்து வெந்துபோய் வந்து, ஏழாம் வகுப்புப் பெண்கள் எல்லாம் சோம்பேறிகள், பாதி வகுப்பு தூங்குகிறது என்று அலுத்துக்கொண்டேன். எஸ்தர் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்: “விடியுமுன்ன எந்திரிச்சு மாடிக்குக் குடம் சுமந்த புள்ள தூங்காம, பின்ன பரதநாட்டியமா ஆடும்? ஒரு நாளு வந்து எங்க வரிசையில நில்லுங்க டீச்சர். பொறவு சோம்பேறின்னு சொல்லுங்க.” எல்லோரும் சிரித்தார்கள். அதன்பிறகு பல நாள் நான் அவரோடு பேசவில்லை.

அடுத்த வருஷம் மழை தள்ளிப்போனது. இப்போதெல்லாம் அப்படித்தான், வெயில் முந்திக்கொள்கிறது, மழை பிந்துகிறது, வரும்போது ஒரேயடியாகக் கொட்டுகிறது. ஏரிகளில் நீர் குறைந்துவிட்டது என்று மாநகராட்சியில் தண்ணீர் வெட்டு போட்டார்கள். எஸ்தர் இருந்த தெருவுக்கும் சுற்றியுள்ள சந்துகளுக்கும் விடியற்காலையில் வந்துகொண்டிருந்த தண்ணீரை ஏழு மணிக்கு மாற்றினார்கள். ஏழிலிருந்து ஒன்பது. நம் பள்ளிக்கூட மணி ஏழு பத்துக்கு அடிக்கும் என்று அந்த நேரத்தைக் குறித்தவருக்குத் தெரிந்திருக்காது. தெரிந்தாலும் என்ன செய்திருக்கப் போகிறார். மறுநாளே பெஞ்சுகள் காலியாகத் தொடங்கின. வராதவர்கள் எல்லோரும் பெண்பிள்ளைகள். அவர்களின் தம்பிகளும் அண்ணன்களும் தலையை வாரிக்கொண்டு ஒழுங்காக வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

எஸ்தர் பெற்றோரையும் விட்டுவைக்கவில்லை. முத்துலட்சுமி என்று ஒரு பெண், ஏழாம் வகுப்பு, கணக்கில் சுட்டி. அவளுடைய அப்பா பட்டறையில் தோல் வெட்டுகிறவர்; மகனைப் பள்ளியில் விட வந்தார். வாசலிலேயே பிடித்துக்கொண்டார் எஸ்தர். “பையன சட்டைய மாட்டி அனுப்புதிய. பொட்டப்புள்ளய குடத்தோட நிறுத்துதிய. அவளுக்கு மட்டும் பள்ளிக்கூடம் என்ன, பொழுதுபோக்கா?” அந்த மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. “டீச்சர், எட்டு மணிக்கு நானும் வீட்டுக்காரியும் வேலைக்குப் போவணும். குழாய நானா தொறக்கேன்? மழ பெய்யலன்னா என்னய என்ன செய்யச் சொல்லுதிய?” என்றார். எஸ்தர் பையனை உள்ளே அனுப்பினார். பிறகு, “அப்ப குழாயத் தொறக்கவன்கிட்ட போவோம், வாங்க” என்றார். தண்ணீர் நேரத்தை மாற்றக் கேட்கும் அந்த மனு அப்படித்தான் தொடங்கியது. அந்தச் சந்துகளில் அறுபது வீடு ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கியவர் அவர்தான்.

இனி வருகைப் பதிவேட்டுக் கதைக்கு வருகிறேன். தலைமையாசிரியை இந்த இடத்தில்தான் மலரைக் கீழே வைப்பார்.

வெளியாருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். நம் பள்ளியில் இரண்டு பதிவேடு. வகுப்பில் டீச்சர் போடுவது ஒன்று. மாதக் கடைசியில் அழகாக நகல் எடுத்து, வெளி ஆபீஸ்களுக்குக் காட்ட வைத்திருப்பது இன்னொன்று. பிள்ளைகள் குறைந்தால் தமிழ்ப் பிரிவை மூடிவிடுவார்கள் என்ற பயம் நமக்கு எப்போதும் உண்டு. அதனால் நகல் எடுக்கும்போது வராத பிள்ளைகளை வந்ததாகப் போட்டுவிடுவோம். இதற்குப் பெயர் ‘சரி பண்ணுவது’. பல வருஷமாகச் சரி பண்ணியது நான். என் கையெழுத்துக்குக் கிடைத்த மரியாதை அது. எஸ்தரோ தன் பதிவேட்டில், வராத பிள்ளையின் கட்டத்தில் ‘வரவில்லை’ என்று போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் ‘தண்ணீர்’ என்று காரணமும் எழுதினார். முத்துலட்சுமியின் வரிசையில் ஒரு மாதத்தில் பாதிக்கட்டம் அப்படித்தான் இருந்தது. அந்த மாதமும் நான் சரி பண்ணினேன். பேனா ஒரு இடத்திலும் தயங்கவில்லை.

வார்டு ஆபீஸில் மனுவை விசாரிக்கும் நாள் வந்தது. எஸ்தர், முத்துலட்சுமியின் அப்பா, நாலைந்து அம்மாக்கள். பள்ளியின் சார்பில் பதிவேட்டைக் கொண்டுபோகத் தலைமையாசிரியை என்னை அனுப்பினார். கையில் கொடுத்தது நகல். பஸ்ஸில் எஸ்தருக்குப் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன், மடியில் பையோடு. அன்றைக்கு அவர் என்னிடம் பிரியமாகப் பேசினார். “நம்ம சொன்னா நம்ப மாட்டான் டீச்சர். ரிஜிஸ்டர் சொன்னா நம்பித்தான ஆவணும்” என்றார். என் பையில் இருப்பது அசல் என்றே நினைத்திருந்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சயானில் இறங்கி டாக்ஸி பிடித்துப் போய் அசலை எடுத்து வந்திருக்கலாம். ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த அதிகாரி கெட்டவர் என்றுகூடச் சொல்ல முடியவில்லை. எஸ்தர் தன் உடைந்த ஹிந்தியில் சொன்னதை எல்லாம் கேட்டார். கடைசியில் எஸ்தரே, “ரிஜிஸ்டர் தேக்கியே சாப்” என்று என் பையைக் காட்டினார். எடுத்துக் கொடுத்தேன். அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். பெயர்கள் தமிழில் இருந்தாலும் குறிகளைப் படிக்க மொழி வேண்டியதில்லை. “மேடம், சப் ஹாஜிர் ஹை” என்றார். எல்லோரும் வந்திருக்கிறார்களே, அப்புறம் எதற்கு நேரத்தை மாற்ற வேண்டும் என்று கேட்டார். எஸ்தர் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். முத்துலட்சுமியின் வரிசையில் விரலை வைத்து, ஒன்றாம் தேதியிலிருந்து கடைசித் தேதி வரைக்கும் நகர்த்தினார். பிறகு என்னைப் பார்த்தார். “உங்க கையெழுத்து நல்லாருக்கு டீச்சர்” என்றார். அவ்வளவுதான். என்னைக் கன்னத்தில் அறைந்திருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

மனு தள்ளுபடி ஆனது. எஸ்தர் அசலைக் கேட்டபோது, இரண்டு பதிவேடு இருப்பது வெளியே தெரிந்தால் பள்ளியையே இழுத்து மூடுவார்கள் என்று தலைமையாசிரியை அதை பீரோவில் வைத்துப் பூட்டினார். அரசுப் பதிவேட்டில் தேவையற்றதை எழுதினார் என்று மெமோ எஸ்தருக்கு வந்தது. பொய் எழுதிய எனக்கு ஒன்றும் வரவில்லை. ஸ்டாஃப் ரூமில் நீங்கள் எல்லோரும் தமிழ்ப் பிரிவைக் காப்பாற்ற வேண்டாமா என்று அவரைக் கேட்டீர்கள். அவர் சொன்ன பதில் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது: “புள்ளயே இல்லாத வகுப்பக் காப்பாத்தி என்ன செய்யப் போறிய?”

அந்த வருஷம் மழை வந்தபோது மூன்றே நாளில் கொட்டித் தீர்த்தது. சாக்கடையும் குடிதண்ணீர்க் குழாயும் ஒன்றாக மூழ்கிக் கிடந்தன. முத்துலட்சுமிக்கு மஞ்சள் காமாலை. பிழைத்துக்கொண்டாள், ஆனால் படுக்கையிலேயே பல வாரம் போனது. எழுந்தபோது மறுபடியும் காலைத் தண்ணீர் அவள் பொறுப்புதான். எட்டாம் வகுப்பில் அவள் பெயரை அடித்தார்கள். நீண்ட நாள் வரவில்லையாம். அவளை வந்ததாக எழுத அப்போது எந்த அவசியமும் இருக்கவில்லை. இப்போது பை தைக்கும் பட்டறையில் இருக்கிறாள். எஸ்தர் சாகும்வரை ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போய்க் கணக்குச் சொல்லிக்கொடுத்தார் என்பது அடக்கத்தின்போதுதான் எனக்குத் தெரிந்தது. முத்துலட்சுமியே சொன்னாள். “ஆறு மாசத்துல தனித்தேர்வு எழுத வைக்கேன்னு சொன்னாவ டீச்சர். இனி யாரு சொல்லித்தருவா?” என்று கேட்டாள். ‘நான் வருகிறேன்’ என்றேன். “உங்களுக்குக் கணக்கு வருமா?” என்றாள். சந்தேகம் நியாயமானதுதான்.

எஸ்தரிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அவர் மன்னித்திருப்பார் என்று யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். மன்னித்திருக்க மாட்டார். மன்னிக்கிற விஷயமும் இல்லை அது. அதில் பறிபோனது என்னுடையதோ அவருடையதோ இல்லையே.

இந்த வருஷமும் வெட்டு போட்டுவிட்டார்கள். மறுபடியும் ஏழிலிருந்து ஒன்பது. போன மாதம் என் வகுப்பில் ஆறு பெண்கள் மாதத்தில் பாதி நாட்கள் வரவில்லை. ஆறு பேரையும் வரவில்லை என்றே போட்டேன். காரணத்தையும் எழுதினேன். நகலிலும் ஒரு கட்டம் மாறாமல் அப்படியே எழுதினேன். தலைமையாசிரியை கூப்பிட்டு, “என்ன டீச்சர், எஸ்தர் ஆவி புடிச்சிடுத்தா உங்களை? ரிட்டயர் ஆகறதுக்கு ரெண்டு வருஷம்தானே இருக்கு?” என்றார். எழுதியதை அடிக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். நகலின் ஜெராக்ஸ் ஒன்றை முத்துலட்சுமியின் அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். புதிய மனுவோடு அதை வைத்திருக்கிறார்கள். மெமோ இன்னும் வரவில்லை. வரும்.

வருகிற வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு வார்டு ஆபீஸில் விசாரணை. உங்களில் யாருக்காவது எஸ்தர் மேல் உண்மையிலேயே மரியாதை இருந்தால், உங்கள் வகுப்பில் யார் யார் வரவில்லை என்பதை உள்ளபடி எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள். வர முடியாவிட்டால் இந்த மலரில் இரங்கல் கவிதை எழுதுவதையாவது நிறுத்துங்கள். எஸ்தரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. வராத பிள்ளையை வந்ததாக இனி எழுத மாட்டேன்.