நாராயணஸ்வாமியைத் திருத்திய கதை

என் கணவர் இளங்கோவனுக்கு ஒரு வரியை இருக்கிறபடி விடத் தெரியாது. கல்யாணப் பத்திரிகை வந்தால் முதலில் பேனாவைத் தேடுவார். யாருக்குக் கல்யாணம் என்பதெல்லாம் அப்புறம்தான்.

இரண்டாயிரத்தில் புரோகிராமர் ஆகிறேன் என்று மன்னார்குடியிலிருந்து ஹைதராபாத் வந்தவர். புரோகிராம் வரவில்லை, இங்கிலீஷ் வந்தது. பேகம்பேட்டில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேருக்குக் கையேடு எழுத உட்கார வைத்தார்கள். ஐந்து பேர் ஆளுக்கு ஒரு பகுதி எழுதுவார்கள். எழுதியது ஐந்து பேர் என்று படிக்கிறவனுக்குத் தெரியக் கூடாது. அப்படித் தெரியாமல் தேய்த்துக் கொடுப்பதுதான் இவர் வேலை. எட்டு வருஷமாக அதே நாற்காலி. இவரிடம் வேலை கற்றுக்கொண்டவர்கள் மேனேஜராகி, காரில் போகிறார்கள். இவர் பஸ்ஸில் நின்றுகொண்டு தார்நாகாவில் எங்கள் வீட்டுக்கு வந்து சேருவார். நானும் பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு வந்து கிடப்பேன். யார் எழுந்து காபி போடுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம்.

இந்த லட்சணத்தில் சங்கத்துப் பொங்கல் மலருக்கும் இவர்தான் ஆசிரியர். செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழர்களும், எங்களைப் போல நேற்று வந்தவர்களும் சேர்ந்து நடத்தும் சங்கம் அது. பேங்க்காரர், நர்ஸ், லாப் விஞ்ஞானி என்று ஆளாளுக்கு எழுதிக் கொடுப்பார்கள். எல்லாவற்றையும் இவர் 'நல்ல தமிழாக' மாற்றுவார். மலரை எங்கே திறந்தாலும் ஒரே ஆள் மேடையில் நின்று பேசுகிற மாதிரி இருக்கும். அந்த ஆள் என் வீட்டுக்காரர். எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த வருஷம் அந்த வேலை தங்கள் தலையில் விழுமே.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷ மலருக்கு மல்காஜ்கிரி நாராயணஸ்வாமி நாலு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். ரயில்வேயில் கூட்ஸ் வண்டி கார்டாக இருந்து ரிடையர் ஆனவர். கொடுத்த இரண்டாவது வாரம் மாரடைப்பில் போய்விட்டார். படத்தோடு, கறுப்புக் கட்டம் போட்டு, மலரில் முதல் கட்டுரையாகவே போட்டார்கள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் மனைவி வேதா அம்மா மலரை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, இது எங்க வீட்டுக்காரர் எழுதினது இல்ல."

"அவர் எழுதினதுதாம்மா. கொஞ்சம் செம்மைப்படுத்தினேன்."

"என் பொண்ணு சாஹித்யா அமெரிக்காவுல இருக்கா. தமிழ் படிக்கத் தெரியாது. போன்ல நான் படிச்சுக் காட்டினேன். ரெண்டு வரிதான். 'அம்மா, ஹூ இஸ் திஸ் மேன்?'னு கேட்டா."

மலரை வாங்கிப் பார்த்தேன். 'எனது அருமைப் புதல்வி இப்பூவுலகில் உதித்த பொன்னாளில், பணியின் நிமித்தம் அருகிருக்க இயலாமற்போன துயரம் இன்றும் என் நெஞ்சை வாட்டுகிறது.' சாஹித்யா பிறந்த நாளைப் பற்றித்தான் அவர் எழுதியிருக்கிறார். பெற்ற மகளுக்கே யாரென்று தெரியாமல் போயிருக்கிறது.

"அவர் கையால எழுதின பேப்பர் இருக்கும்ல, அத குடுங்க. எனக்கு வேற ஒண்ணும் நக்கோ" என்றார்.

இளங்கோவன் என்னைப் பார்த்தார். மலர் அச்சானதும் எல்லாருடைய கையெழுத்துப் பேப்பர் கட்டையும் பழைய பேப்பர்காரனிடம் தூக்கிப் போட்டது நான்தான். அதைச் சொன்னேன். வேதா அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செருப்பை மாட்டிக்கொண்டு, "அவர் எழுதினது அது ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதையாக, அன்றே இவர் ஆரம்பித்தார். "படிச்சது ஞாபகம் இருக்கு. அப்படியே திரும்ப எழுதிடுறேன்." வேண்டாம் என்று சொல்ல எனக்கும் தெம்பில்லை. அடுத்த ஞாயிறு மல்காஜ்கிரி போய் அந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டினார். ஆமாம், வேண்டாம், ஏன் என்பதற்கு ஹைதராபாத் உருதுவில் சொல்கிற வார்த்தைகளாக, வரிக்கு ஒரு 'ஹவ்', வரிக்கு ஒரு 'நக்கோ', நடுநடுவே 'கைக்கு'.

வேதா அம்மா சிரித்துவிட்டார். "இது அவர் இல்ல தம்பி, தெலுங்கு சினிமாவுல வர்ற ஹைதராபாத்காரன். வார்த்தைய எங்க தெருவுல எல்லாரும்தான் பேசறோம். எல்லாரும் அவர் ஆயிடுவோமா?"

"வேற எப்படிம்மா சொல்வாரு?"

அந்த அம்மா யோசித்தார். "வருத்தம்னு வாயால சொல்ல மாட்டார். டைம் சொல்வார். எங்கம்மா போனப்ப, 'ரெண்டு நாப்பதுக்கு மூச்சு நின்னுது, மூணு அஞ்சுக்கு டாக்டர் வந்தான்'னார். அவ்வளவுதான். அந்த இருவத்தஞ்சு நிமிஷத்த நாம புரிஞ்சுக்கணும்."

மூன்று வாரம் இவர், மகள் பிறந்த நாளைப் பற்றிய அந்த ஒரு பக்கத்தோடு மட்டும் மல்லாடினார். எழுதுவார், அடிப்பார், சாப்பிடும்போது எதையோ முணுமுணுப்பார். ஆபீஸ் களைப்பும் சேர்ந்து கண் உள்ளே போய்விட்டது. எனக்கு ஆத்திரம்கூட வந்தது. உயிரோடு இருந்தபோது அந்த மனிதரிடம் இவர் பத்து வார்த்தை பேசியதில்லை.

மறுபடியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்காஜ்கிரி போனோம். இவர் படித்தார்.

'காலை ஆறு மணிக்கு என் வண்டியை மௌலாலிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். சிக்னல் இல்லை. ஆறு இருபதுக்குப் பெண் பிறந்தது. ஏழு மணிக்கு ஸ்டேஷன் ஆள் நடந்து வந்து சொன்னான். கார்டு வண்டியை விட்டுப் போகக் கூடாது. பத்தரைக்கு சிக்னல் விழுந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பதினொன்று பத்து. நாலு மணி ஐம்பது நிமிஷம் லேட். அவள் ரைட் டைம்.'

இவர் எழுதியதில் முதல் தடவையாக இவரே இல்லை.

வேதா அம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இன்னொரு வாட்டி படிங்க" என்றார். படித்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இவர் மூன்றாம் முறையாக ஆரம்பித்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

"நக்கோ தம்பி. போதும்."

"சரியா வரலியாம்மா?"

"சரியா வந்திருக்கு. அதான் பயமா இருக்கு. மொத வாட்டி கேக்கறப்ப, இது நீங்க எழுதினதுன்னு தெரிஞ்சுது. ரெண்டாவது வாட்டி அவரே உக்காந்து சொல்ற மாதிரி இருந்துச்சு. ரைட் டைம்னு எழுதினது அவரா, நீங்களான்னு எனக்கே இப்ப சொல்ல முடியல. இன்னொரு வாட்டி கேட்டா அவர் எப்படிச் சொல்வார்ங்கறதே எனக்கு மறந்து போயிடும்."

"சாஹித்யாவுக்கு?"

"அப்பா எழுதினது தொலஞ்சு போச்சுன்னு சொல்லிக்கறேன். பொய் இல்லயே. இத கிழிச்சிடுங்க."

இவர் என்னைப் பார்த்தார். இந்த மனிதர் ஆயுசில் எழுதிய ஒரே நல்ல பக்கம் அது. நாலாகக் கிழித்து, எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா துண்டுகளை வாங்கி எழுத்து தெரியாதபடி கசக்கினார். பிறகு, இத்தனை நாளில் முதல் தடவையாக, எங்கள் எதிரில் வாய்விட்டு அழுதார்.